இதயம் பலவீனமானவருக்கு இரவில் மூச்சு ஏன் நின்று நின்று வருகிறது?

எக்கோ எடுத்துப் பார்த்து "பம்பிங் கம்மியாக இருக்கிறது" என்று டாக்டர் சொன்ன ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் தூங்கிய பிறகு ஒரு பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய மூச்சைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு விதமான கோளாறுகளில் ஒன்று தென்படலாம்.

முதல் வகை சத்தமானது. பலமான குறட்டை போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று சத்தம் நின்றுவிடும். ஆனால் நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், காற்று மட்டும் போகாது. பத்து இருபது நொடி கழித்து ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். இரண்டாவது வகை அமைதியானது. மூச்சு மெதுவாகக் குறைந்துகொண்டே வந்து, நெஞ்சும் வயிறும் அசையாமல் அப்படியே நின்றுவிடும். பிறகு மெல்லத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகி, ஓடி வந்தவர் வாங்குவது போல் வாங்கி, மறுபடி குறைந்து, மறுபடி நிற்கும். நிமிடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் இது நடந்துகொண்டே இருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் "தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறது" என்ற ஒரே விஷயம்தான். உள்ளே நடப்பது கிட்டத்தட்ட எதிரெதிர். முதலாவதில் மூளை மூச்சு விடு என்கிறது, தொண்டை வழிவிட மறுக்கிறது. இரண்டாவதில் தொண்டை திறந்தே இருக்கிறது, மூளை கட்டளை கொடுக்கவில்லை. முதலாவதை மருத்துவர்கள் அடைப்பு வகை ஸ்லீப் ஆப்னியா என்பார்கள், இரண்டாவதை மைய வகை ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். எந்த வகை என்று தெரியாமல், முகமூடி வழியாகக் காற்றை அனுப்பும் மெஷினை வாங்கி மாட்டுவது ஏன் ஆபத்தாக முடியலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. அதற்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை தேவைப்படுகிறது.

இதயச் செயலிழப்பு உள்ளவரின் இதயம் நின்றுவிடவில்லை. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை, அல்லது தள்ளுவதற்காக உள்ளே அழுத்தம் கூடிப்போகிறது, அவ்வளவுதான். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதைத்தான் நாம் "பம்பிங்" என்கிறோம். 50-க்கு மேல் இருந்தால் பொதுவாக இயல்பு, 40 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு. பம்பிங் சரியாக இருந்தும், இதயம் விறைத்துப்போய்ச் செயலிழப்பு வருபவர்களும் நிறையப் பேர் உண்டு. எந்த வகையாக இருந்தாலும் இதயத்துக்குப் பின்னால் இரத்தம் தேங்குகிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது, கால் வீங்குகிறது. நுரையீரலில் நீர், காலில் நீர் என்ற இந்த இரண்டும்தான் பின்னால் முக்கியமாக வரப்போகின்றன.

தூக்கக் கோளாறு எவ்வளவு பேருக்கு இருக்கிறது? பம்பிங் குறைந்தவர்களை வரிசையாகத் தூக்கப் பரிசோதனை செய்து பார்த்த பல ஆய்வுகளில், பாதிப் பேருக்காவது இந்த இரண்டில் ஒன்று கணிசமான அளவில் இருந்தது. இதயச் செயலிழப்பு இல்லாதவர்களிடம் மைய வகை அபூர்வம். பம்பிங் குறைந்தவர்களிடம் அது சர்வ சாதாரணம்.

அடிக்கடி கேள்விப்பட்ட அடைப்பு வகையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. கழுத்து பருத்தவர்களுக்கும், தாடை உள்வாங்கியவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அந்த வழி அடைத்துக்கொள்கிறது. அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்க முயலும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் பலமாகக் கீழே போகிறது. இதயத்தின் சுவரைச் சுற்றியிருந்து யாரோ வெளிப்பக்கமாக இழுப்பது போன்ற நிலை அது. அந்த இழுப்பை மீறித்தான் இதயம் சுருங்கியாக வேண்டும். கூடவே ஆக்சிஜன் இறங்குகிறது, தூக்கம் கலைகிறது, அட்ரினலின் பாய்கிறது, இரத்த அழுத்தம் எகிறுகிறது. ஓய்வெடுக்க வேண்டிய இரவில், ஏற்கெனவே களைத்த இதயத்துக்கு மணிக்கு முப்பது நாற்பது முறை இப்படி வேலை வைத்தால் என்னாகும்?

மைய வகையின் கதைதான் சுவாரஸ்யமானது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்தின் டப்ளினில் பணியாற்றிய ஜான் செய்ன் என்ற மருத்துவர், 1818-இல் அறுபது வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். அவருடைய மூச்சு கால் நிமிடம் முழுவதுமாக நின்றுபோகும். பிறகு மிக மெல்லிதாகத் தெரியும். படிப்படியாக வேகமெடுத்து வாங்கும். பிறகு படிப்படியாகக் குறைந்து மறுபடி நிற்கும். இந்தச் சுற்று முடிய ஒரு நிமிடம் ஆகிறது, அதற்குள் சுமார் முப்பது மூச்சுகள் என்று எண்ணியும் வைத்தார். இறந்தபின் திறந்து பார்த்தபோது இதயத்தின் தசையில் கொழுப்பு படிந்திருந்தது. அதே டப்ளினில் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-இல் இதய நோய்கள் பற்றி எழுதிய புத்தகத்தில், இந்த மூச்சைப் பலவீனமான இதயத்தோடு சேர்த்துப் பேசினார். இன்றுவரை மருத்துவமனைகளில் இதன் பெயர் செய்ன்–ஸ்டோக்ஸ் சுவாசம். இன்றைய மூச்சுப் பதிவுக் கருவிகள் இல்லாத காலத்தில், கட்டிலருகே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தே ஒரு மனிதர் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். இன்றைய தூக்க ஆய்வகங்கள் இந்த மூச்சை அடையாளம் காண வைத்திருக்கும் அளவுகோலில், ஒரு சுற்று 40 நொடிக்குக் குறையக் கூடாது. செய்ன் எண்ணிய ஒரு நிமிடம் அதற்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சரி, ஏன் இப்படி ஆகிறது?

நம்மை மூச்சு விடவைப்பது ஆக்சிஜன் குறைவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான நேரம் அந்த வேலையைச் செய்வது இரத்தத்திலுள்ள கரியமில வாயு. அது கூடினால் மூளைத்தண்டு "வேகமாக விடு" என்கிறது. குறைந்தால் "மெதுவாகப் போதும்" என்கிறது. விழித்திருக்கும்போது அது கொஞ்சம் குறைந்தாலும் மூச்சு நிற்காது, விழிப்பே ஒரு உந்துதலாக இருக்கிறது. தூங்கியதும் அந்த உந்துதல் போய்விடுகிறது. அப்போது கரியமில வாயு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், மூளை மூச்சுக் கட்டளையையே நிறுத்திவிடும். மறுபடி அது சேர்ந்து அந்த அளவைத் தாண்டிய பிறகுதான் அடுத்த மூச்சு.

இதயச் செயலிழப்பு உள்ளவர் இந்த எல்லைக்கு மிக அருகிலேயே நின்றுகொண்டிருக்கிறார். காரணம் நுரையீரலில் கோத்திருக்கும் நீர். நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களை ஒட்டிச் சில நரம்பு முனைகள் இருக்கின்றன. அங்கே நீர் தேங்கினால் அவை தூண்டப்பட்டு மூச்சை வேகப்படுத்துகின்றன. இவற்றை 1950-களில் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர். டெல்லியின் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தை நெடுங்காலம் வழிநடத்திய அவ்தார் சிங் பெயின்டல். ஜே ரிசப்டர் என்று உலகமெங்கும் மருத்துவ மாணவர்கள் படிப்பது அவர் கொடுத்த பெயரைத்தான். இந்த முனைகள் தூண்டிவிடுவதால் நோயாளி பகலிலும் இரவிலும் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே மூச்சு விடுகிறார். அதனால் அவருடைய கரியமில வாயு எப்போதும் சற்றுத் தாழ்ந்தே இருக்கிறது. தூக்கத்தில் ஒருமுறை புரண்டு படுத்து இரண்டு பெருமூச்சு விட்டாலே போதும், எல்லைக்குக் கீழே போய்விடுவார்.

இதோடு தாமதம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் போடும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாடியில் ஒருவர் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிறார், கீழே ஒருவர் சுவிட்ச் பக்கத்தில். மாடியில் இருப்பவர் "நிறைஞ்சிருச்சு" என்று குரல் கொடுக்க முடியாமல், படியிறங்கி வந்துதான் சொல்ல வேண்டும் என்றால்? அவர் வந்து சேர்வதற்குள் தொட்டி வழிந்திருக்கும். காலியாகிவிட்டது என்று சொல்ல அவர் மறுபடி இறங்கி வருவதற்குள் குழாயில் காற்றுதான் வரும். சுவிட்ச் போடுபவர் மீது தவறில்லை, மோட்டாரும் நன்றாகவே இருக்கிறது, செய்திதான் தாமதமாக வருகிறது. உடலில் மாடி என்பது நுரையீரல். கரியமில வாயு கூடுவதும் குறைவதும் அங்கேதான். அதை உணரும் இடங்கள் கழுத்திலுள்ள தமனியிலும் மூளைத்தண்டிலும் இருக்கின்றன. செய்தியைச் சுமந்துபோவது இரத்தம். இதயம் பலவீனமாக இருந்தால் இரத்தம் மெதுவாகப் போகிறது. நுரையீரலில் கரியமில வாயு போதுமான அளவு குறைந்த பிறகும், பழைய செய்தியை நம்பி மூளை "இன்னும் வாங்கு" என்கிறது. செய்தி வந்து சேரும்போது எல்லையைத் தாண்டியாயிற்று, மூச்சு நிற்கிறது. மூச்சு நின்றதும் நுரையீரலில் கரியமில வாயு ஏறத் தொடங்குகிறது. அந்தச் செய்தியும் தாமதமாகவே வருவதால், வரும்போது வேண்டியதைவிட அதிகமாக ஏறியிருக்கிறது. பதறிப்போன மூளை மறுபடி அளவுக்கு மீறி வாங்கச் சொல்கிறது. சுற்று தொடர்கிறது.

தாமதம் மட்டும் இருந்தால் இது நடக்காது. கரியமில வாயுவின் சின்ன மாற்றத்துக்கும் பெரிதாகக் குதிக்கும் மூளையும் வேண்டும். மைய வகை வரும் இதய நோயாளிகளிடம் இந்த அதீத உணர்ச்சி காணப்படுகிறது. இந்தக் குதிப்பால்தான் சுற்று தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு நீளம் என்பதைத் தாமதம் தீர்மானிக்கிறது. லடாக் போன்ற உயரமான இடங்களுக்குப் போகும் ஆரோக்கியமானவர்களுக்கும் முதல் சில இரவுகளில் மூச்சு இப்படி நின்று நின்று வரும். ஆனால் அவர்களுடைய இதயம் நன்றாக இருப்பதால் சுற்று குறுகியது, அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதயம் எவ்வளவு மந்தமோ, சுற்று அவ்வளவு நீளம்.

இன்னொரு விஷயமும் இதில் புரியும். அடைப்பு வகையில், மூச்சு திரும்பும் அந்தக் கணத்தில்தான் தூக்கம் கலைகிறது. மைய வகையில் அப்படி இல்லை. மூச்சு திரும்பி, மேலே மேலே போய், உச்சத்தில் வாங்கும்போது கலைகிறது. அதனால் நோயாளிக்குத் தன் மூச்சு நின்றதே தெரியாது. "திடீர்னு மூச்சு வாங்கி முழிச்சுக்கிட்டேன்" என்றுதான் சொல்வார். கேட்பவர்கள் நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்று நினைப்பார்கள். சில சமயம் அதுவாகவும் இருக்கும்.

இப்போது கால் நீருக்கு வருவோம். பகல் முழுக்க உட்கார்ந்தும் நின்றும் இருப்பவரின் காலில் நீர் சேர்கிறது. படுத்ததும் அது காலிலேயே இருப்பதில்லை. மெல்ல மேலே, மார்புக்கும் கழுத்துக்கும் நகர்கிறது. கனடாவின் டொராண்டோவில் டக்ளஸ் பிராட்லியின் குழு 2010-இல் இதயச் செயலிழப்புள்ள ஆண்களிடம் இதை அளந்து பார்த்தது. இரவில் காலிலிருந்து எவ்வளவு அதிகம் நீர் நகர்ந்ததோ, அவ்வளவு அதிகமாக மூச்சு நிறுத்தங்கள் இருந்தன. கழுத்தில் சேர்ந்த நீர் தொண்டையை இறுக்கினால் அடைப்பு வகை. நுரையீரலில் சேர்ந்த நீர் அந்த ஜே முனைகளைத் தூண்டினால் மைய வகை. எதிரெதிரான இரண்டு கோளாறுகளுக்கும் ஒரே வீங்கிய கால் மூலமாக இருக்கலாம் என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. ஒரே ஆளிடம் ஒரே இரவில் இரண்டும் வருவதும் உண்டு. முன்னிரவில் அடைப்பு வகை அதிகமாகவும் விடியற்காலையில் மைய வகை அதிகமாகவும் இருப்பதை இதே டொராண்டோ ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இவ்வளவு பரவலான ஒன்று ஏன் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது? ஸ்லீப் ஆப்னியா என்றால் பகலில் தூங்கி வழிவார்கள், பருமனாக இருப்பார்கள், குறட்டை விடுவார்கள் என்ற படம்தான் எல்லோர் மனதிலும் இருக்கிறது, மருத்துவர்கள் சிலர் மனதிலும். இதய நோயாளி இந்தப் படத்தில் பொருந்துவதில்லை. இரவில் மோசமாகத் தூங்கியும் பகலில் தூக்கம் வருவதாகச் சொல்வதில்லை. உடம்பில் அட்ரினலின் எப்போதும் கூடுதலாக இருப்பது அவர்களை விழிப்பாகவே வைத்திருக்கிறது போலும். மைய வகையில் ஒல்லியானவர்களும் ஏராளம், குறட்டை இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. அசதி என்று சொன்னால் இதயம் பலவீனம் என்பார்கள். ராத்திரி நாலு முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறேன் என்றால் நீர் மாத்திரை என்பார்கள். காலையில் தலைவலி என்றால் பிரஷர் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருப்பதால் தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

யாரிடம் மைய வகையைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு: ஆண், அறுபது தாண்டிய வயது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத் துடிப்பு, இரத்தப் பரிசோதனையில் கரியமில வாயு குறைவாக இருப்பது. நல்ல பருமனும் குறட்டையும் அடைப்பு வகைப் பக்கம் கைகாட்டும். ஆனால் இவை சந்தேகப்படத்தான் உதவும், முடிவு செய்ய அல்ல.

முடிவு செய்யத் தூக்கப் பரிசோதனை வேண்டும். ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கிச் செய்வது முழுமையானது. மூளை அலை, மூக்கின் காற்றோட்டம், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, ஆக்சிஜன், இ.சி.ஜி. எல்லாம் பதிவாகும். வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் சிறிய கருவிகளும் வந்துவிட்டன. இதய நோயாளிக்கு அப்படிச் செய்வதென்றால் நெஞ்சுப் பட்டை உள்ள கருவியாக இருப்பது முக்கியம். காற்று நின்றபோது நெஞ்சு அசைந்ததா இல்லையா என்பதைச் சொல்வது அந்தப் பட்டைதான், இரண்டு வகையையும் பிரிப்பதும் அதுதான். கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் ஏறி இறங்குவதைக் காட்டும். எந்த வகை என்று காட்டாது. ஸ்மார்ட் கைக்கடிகாரமும் அப்படியே. மனைவியோ மகனோ செல்போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ பல நேரம் இவற்றைவிட டாக்டருக்கு உதவியாக இருக்கும். போர்வையை விலக்கி நெஞ்சும் வயிறும் தெரியும்படி எடுக்க வேண்டும்.

நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே எடுக்கும் தூக்கப் பரிசோதனை நிலைமையை மிகைப்படுத்திக் காட்டக்கூடும். நீர் வடிந்து, மருந்துகள் நிலைப்பட்ட பிறகு எடுத்தால்தான் உண்மை தெரியும்.

பரிசோதனைத் தாளில் ஏ.எச்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். மூச்சு பத்து நொடிக்குக் குறையாமல் நின்றதோ வெகுவாகக் குறைந்ததோ, அப்படி ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை என்பதுதான் அது. 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்கக் கூடாது. அதில் எத்தனை அடைப்பு வகை, எத்தனை மைய வகை என்ற பிரிவு இன்னொரு வரியில் இருக்கும். இதய நோயாளிக்கு அந்த வரிதான் முதலில்.

சிகிச்சையில் முதல் இடம் தூக்கத்துக்கு அல்ல, இதயத்துக்கு. மைய வகை என்பது பெரும்பாலும் இதயத்தின் நிலையைக் காட்டும் அறிகுறி. நுரையீரலில் நீர் குறைந்து இரத்த ஓட்டம் தேறினால், மூச்சும் தானாகத் தேறுவதைப் பலரிடம் பார்க்கலாம். பம்பிங் குறைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்: இரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து, பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் வகை, சர்க்கரை நோய்க்கென்று வந்து இதயத்துக்கும் நல்லது என்று நிரூபணமான எஸ்.ஜி.எல்.டி.2 வகை. தேவையான அளவு நீர் மாத்திரையும் உண்டு. இவை முழு அளவில் போகின்றனவா என்று பார்ப்பதே மூச்சுக்கான முதல் சிகிச்சை. இரண்டு கீழறைகளும் ஒன்றாகத் துடிக்க உதவும் சி.ஆர்.டி. பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமும் மைய வகை குறைந்திருக்கிறது.

செலவில்லாத வழிகளும் உண்டு. ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு வகையுமே குறைகின்றன, மல்லாந்து படுத்தால் கூடுகின்றன. தலைமாட்டை உயர்த்துவது உதவும். உப்பைக் குறைப்பது கால் நீருக்கு நல்லது. மது, தூக்க மாத்திரை, அபின் வகை வலி மருந்துகள் மூச்சைக் கெடுக்கும். முக்கியமாக, "அப்பா ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறார்" என்று மருந்துக் கடையில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தத் தூக்கமின்மையே இந்த மூச்சுக் கோளாறால் வந்ததாக இருக்கலாம். காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங் போடுவது பற்றி எங்காவது படித்திருந்தால், இதய நோயாளிக்கு அதை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

அப்புறம் மெஷின். சீபாப் என்ற கருவி 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் குழு உருவாக்கியது. முகமூடி வழியாகத் தொடர்ந்து லேசான அழுத்தத்தில் காற்றை அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருப்பது அதன் வேலை. அடைப்பு வகைக்கு அது நேரடித் தீர்வு. பம்பிங் குறைந்த, அடைப்பு வகை உள்ள 24 பேரிடம் டொராண்டோவில் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்தபோது, பம்பிங் சராசரி 25 சதவீதத்திலிருந்து சுமார் 34 ஆனது, இரத்த அழுத்தமும் இறங்கியது. 2003-இல் வந்த இந்த முடிவு எல்லோரையும் உற்சாகப்படுத்தியது. ஆனால் இது சின்ன ஆய்வு. ஏற்கெனவே இதய அல்லது மூளை இரத்தக்குழாய் நோய் இருந்த 2,717 பேரிடம் நடந்த, 2016-இல் வெளிவந்த சேவ் ஆய்வில், சீபாப் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. அவர்கள் இரவில் சராசரியாக மூன்று மணி நேரம் சொச்சம்தான் அதை மாட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என் மதிப்பீடு இது: அடைப்பு வகை கடுமையாக உள்ள இதய நோயாளி சீபாப் மாட்டினால் தூக்கம், இரத்த அழுத்தம், பகல் நேரத் தெம்பு இவற்றில் பயனடைய நல்ல வாய்ப்பு உண்டு. ஆயுளைக் கூட்டும் என்று சொல்லி யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

மைய வகையில் கதை வேறு. கனடாவில் 258 பேரிடம் நடந்த கேன்பேப் ஆய்வு 2005-இல் முடிவைச் சொன்னது: மைய வகைக்குச் சீபாப் மாட்டியதால் உயிர் பிழைப்பது கூடவில்லை. மூச்சு நிறுத்தங்கள் நன்றாகக் குறைந்தவர்கள் மட்டும் நன்றாக இருந்ததாகப் பிற்பாடு கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அப்படியானால் நிறுத்தங்களை இன்னும் நன்றாகக் குறைக்கும் கருவி வந்தால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கருவியும் வந்தது. ஏ.எஸ்.வி. என்று பெயர். ஒவ்வொரு மூச்சையும் அளந்து, மூச்சு குறையும்போது அழுத்தத்தைக் கூட்டும், மூச்சு கூடும்போது அழுத்தத்தைக் குறைக்கும். செய்ன் எண்ணிய அந்த மேடும் பள்ளமும் சமவெளி ஆகிவிடும். படம் பார்க்கவே அழகாக இருக்கும்.

பம்பிங் 45 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உள்ள, பெரும்பாலும் மைய வகை உள்ள 1,325 பேரைச் சேர்த்து சர்வ்–எச்.எஃப். என்ற ஆய்வு நடந்தது. கருவி தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது. மணிக்கு முப்பதுக்கு மேல் இருந்த நிறுத்தங்கள் ஏழுக்குள் இறங்கின. ஆனால் 2015-இல் முடிவைப் பார்த்தபோது, கருவி மாட்டியவர்களில் 34.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மாட்டாதவர்களில் 29.3 சதவீதம். இதய நோயால் இறப்பது மட்டும் எடுத்தால் இடைவெளி இன்னும் பெரியது: 29.9-க்கு 24. அறிகுறிகளிலோ வாழ்க்கைத் தரத்திலோ குறிப்பிடும்படி லாபமும் இல்லை. தாளில் எண் அழகாகிறது, ஆள் பிழைக்கவில்லை. இதய மருத்துவத்தில் இப்படி நடப்பது இது முதல் முறை அல்ல, ஆனாலும் பலருக்கு இது அதிர்ச்சி.

ஏன் இப்படி என்பதற்கு இன்றும் ஒருமித்த பதில் இல்லை. தொடர்ந்து காற்றழுத்தம் கொடுத்தால் நெஞ்சுக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, ஏற்கெனவே திணறும் இதயம் இன்னும் குறைவாகத் தள்ளும் என்பது ஒரு வாதம். செய்ன்–ஸ்டோக்ஸ் சுவாசம் என்பது நோய் அல்ல, பலவீனமான இதயத்துக்கு உடல் தானே செய்துகொள்ளும் ஓர் ஏற்பாடு, அதைக் கலைத்ததுதான் தப்பு என்பது இன்னொரு வாதம். இரண்டாவது எனக்கு ஈர்ப்பாக இருக்கிறது, நிரூபணம் இல்லை என்பதும் தெரியும். வேறொரு நிறுவனத்தின் ஏ.எஸ்.வி. கருவியை 731 பேரிடம் பார்த்த அட்வென்ட்–எச்.எஃப். ஆய்வு 2024-இல் வெளிவந்தது. அதில் இறப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, தூக்கம் மட்டும் தேறியது. ஆகவே கருவிக்குக் கருவி வித்தியாசம் இருக்கலாம். ஆனாலும் பம்பிங் 45-க்குள் இருந்து, மைய வகை மேலோங்கியிருப்பவர் ஏ.எஸ்.வி. பக்கம் தன்னிச்சையாகப் போகக் கூடாது என்ற எச்சரிக்கை அப்படியேதான் நிற்கிறது.

வேறு வழிகளும் முயற்சியில் இருக்கின்றன. இரவில் மூக்கு வழியாக ஆக்சிஜன் கொடுத்தால் மைய வகை குறைகிறது, ஆயுளுக்கு நல்லதா என்று உறுதியாகவில்லை. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பை இரவில் தட்டிக்கொடுக்கும், பேஸ்மேக்கர் போன்ற ஒரு கருவிக்கு அமெரிக்காவில் 2017-இல் அனுமதி கிடைத்தது. அது காற்றை வெளியிலிருந்து தள்ளுவதில்லை, நெஞ்சே காற்றை இழுக்கும்படி செய்கிறது. மூச்சும் தூக்கமும் தேறுகின்றன. உயிர் காக்குமா என்று சொல்லப் பெரிய ஆய்வு வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். அடுத்த முறை இதய டாக்டரைப் பார்க்கும்போது, கேட்காவிட்டாலும் தூக்கத்தைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்: மூச்சு நின்று வருகிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், இரவில் எத்தனை முறை எழுகிறார், வீடியோ இருந்தால் அதுவும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏறினாலோ, படுக்கவே முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கத் தொடங்கினாலோ, அதைத் தூக்கக் கோளாறு என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். நீர் கோத்திருக்கிறது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெஷின் வாங்கச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இவருக்கு எந்த வகை, இது எந்த மெஷின். தூக்கப் பரிசோதனை செய்தவரிடம் எக்கோ ரிப்போர்ட்டையும், இதய டாக்டரிடம் தூக்கப் பரிசோதனைத் தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெரும்பாலும் இவர்கள் இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஏ.எஸ்.வி. மாட்டிக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு இன்றிரவே கழற்றி வைக்க வேண்டாம். கடைசியாக எடுத்த எக்கோவில் பம்பிங் எவ்வளவு என்று பார்த்து, அந்தத் தாளோடு இந்த வாரத்துக்குள் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.